மைக்ரோபான்: லெவலுக்கு ஒரே ஒரு தந்திரம்

பெட்டி தள்ளும் புதிர் என்றாலே "அது நேரத்தைத் தின்னும்" என்று ஒதுங்குகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது டேவிட் ஸ்கின்னர் உருவாக்கிய மைக்ரோபான் தொகுப்பைத்தான். மொத்தம் 155 லெவல். காசு கிடையாது. சோகோபான் என்கிற பெட்டி தள்ளும் விளையாட்டின் செயலிகள் பலவற்றில் கூடவே வருகிறது.

விதி, 1982-இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபானின் அதே விதிதான். கிடங்கில் இருக்கிற பெட்டிகளை எல்லாம் தரையில் அடையாளமிட்ட கட்டங்களில், அதாவது குறிகளில், கொண்டு சேர்க்கவேண்டும். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். மூலையில் சிக்கிய பெட்டி சிக்கியதுதான். அந்தப் பழைய லெவல்களில், என்ன செய்யவேண்டும் என்று பிடிபட்ட பிறகும், கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒவ்வொரு பெட்டியாகத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். எனக்கு அது கூலிவேலை. மைக்ரோபானில் பெரும்பாலும் அது இல்லை. தந்திரம் புரிந்தால் ஆட்டம் முடிந்தது.

இரண்டாவது லெவலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவரையும் சேர்த்து ஆறு கட்ட அகலம், ஏழு கட்ட உயரம். நடுவில் இரண்டுக்கு இரண்டு என நான்கு கட்டச் சதுரம், அதில் மூன்று பெட்டிகள். வலப்பக்கம் இருக்கிற இரண்டும் ஏற்கெனவே குறியில் உட்கார்ந்திருக்கின்றன. இடப்பக்கப் பெட்டிக்கு நேர் கீழே காலிக் குறி. ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்று கை பரபரக்கும். ஆனால் தள்ளுவதற்கு நாம் நிற்கவேண்டிய இடத்தில் சுவர்! சரி, என்ன வழி? ஒழுங்காக இருப்பதைக் கலைக்கவேண்டும். வலது கீழ்ப் பெட்டியை இடப்பக்கம் தள்ளி, வலது மேல் பெட்டியைக் கீழே தள்ளி, மிஞ்சியதை வலப்பக்கம் தள்ளினால் மூன்றே தள்ளலில் எல்லாக் குறியும் நிறைந்துவிடும். ஒரு பெட்டிகூடப் பழைய இடத்தில் இருக்காது. விடையைச் சொல்லிவிட்டானே என்று கோபிக்காதீர்கள், இன்னும் 154 இருக்கிறது.

என் குறை வரிசையைப் பற்றித்தான். முதல் லெவல் இதைவிடக் கடினம். அங்கே குறியில் இருக்கிற பெட்டியே வழியை அடைத்துக்கொண்டிருக்கும். அதை மேலே தள்ளி வழி உண்டாக்கி, அப்புறம் இன்னொரு பெட்டியை ஓரம் கட்டிவிட்டு, முதல் பெட்டியை மறுபடி கீழே இறக்கவேண்டும். நான் முடித்தது 33 நடையில் (ஒரு கட்டம் நகர்ந்தால் ஒரு நடை). புதிதாக வருகிறவருக்கு வாசலிலேயே இப்படியா? அதனால் இரண்டிலிருந்து தொடங்குங்கள். இடையில் ஒரு லெவலில் ஆள், பெட்டி, குறி மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். ஒரு தள்ளு, அவ்வளவுதான். அது குசும்பு. கடைசிப் பகுதியிலோ சில லெவல்கள் பெயருக்குச் சம்பந்தமே இல்லாமல் பெருத்துவிடுகின்றன. அவற்றை நான் பாதியில் விட்டுவிட்டேன், வருத்தமும் இல்லை.

நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? நடை எண்ணிக்கையைக் குறைப்பது ஒரு ஆட்டம், தள்ளல் எண்ணிக்கையைக் குறைப்பது வேறொரு ஆட்டம். குறைந்த தள்ளலுக்காகச் சுற்றி நடக்க நேரும். குறைந்த நடைக்காகக் கூடுதலாக ஒரு தள்ளல் விழும். லெவல் சின்னது என்பதால் இரண்டையும் மனத்திலேயே ஓட்டிப் பார்க்க முடிகிறது.

செயலியைப் பார்த்து எடுங்கள். நான் முதலில் இறக்கியது லெவலுக்கு ஒரு விளம்பரம் காட்டியது; புதிரைவிட விளம்பரம் நீளம். எத்தனை முறை வேண்டுமானாலும் அன்டூ செய்யவிட்டு, நடையையும் தள்ளலையும் தனித்தனியாக எண்ணிக் காட்டுகிற செயலி போதும். டெக்ஸ்ட் ஃபைலைத் திறக்கிற வசதியும் இருந்தால் இன்னும் நல்லது. லெவல்கள் எல்லாம் வெறும் எழுத்துக்குறிகளில்தான் எழுதப்பட்டிருக்கின்றன, வேண்டிய தொகுப்பை நாமே ஏற்றிக்கொள்ளலாம்.