ட்ரெய்லருக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

முந்தாநாள் நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 2025 ஏப்ரலில் 13,500 ரூபாய் கொடுத்து மூன்று புது டயர் வாங்கினேன். அஞ்சு மாசம் முழுசாக ஆகவில்லை, மதுராந்தகம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒன்று வெடித்துவிட்டது.

எங்களுடையது டிபன் ட்ரெய்லர். பாலவாக்கத்தில் வாரம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும், விசேஷ ஆர்டர் வந்தால்தான் பொலேரோவில் மாட்டி இழுத்துப் போவோம். இப்படி நிற்கிற வண்டியில் டயர் தேயாது, காய்ந்துதான் போகும். ஓடுகிற டயர் நெளிந்து நெளிந்து, ரப்பரில் கலந்திருக்கிற பாதுகாப்பு மருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். நிற்கிற டயருக்கு அது கிடையாது, வெயில்தான். பழைய டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேடு, அப்படியே இருந்தது, ஆனால் எட்டு வருஷமாகி பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அதனால்தான் மாற்றவே போனேன்.

பல கம்பெனி டயரும் விற்கிற பெரிய கடை, ஏசி ரூமில் உட்கார வைத்து காபி கொடுக்கிற கடை. பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார், வெடிப்பில் நகத்தை விட்டுக் காட்டினார். "பட்டனைப் பார்த்து ஏமாறாதீங்க சார், டயருக்கு வயசுதான் முக்கியம். அஞ்சாறு வருஷம் ஆச்சுன்னா தூக்கிப் போட்டுடணும்" என்றார். இவ்வளவு விவரமாகச் சொல்கிறவர் நம்மை ஏமாற்றமாட்டார் என்று அந்த இடத்தில்தான் விழுந்தேன். ஸ்டெப்னியையும் சேர்த்து மாற்றச் சொன்னதும் அவர்தான். கறுகறுவென்று பாலிஷ் போட்டு மாட்டிக் கொடுத்தார்கள். 13,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

திண்டிவனத்தில் ஒரு வளைகாப்பு, 150 பேருக்கு டிபன். வண்டி ஐம்பது கி.மீ. வேகத்துக்கு மேல் போகவே இல்லை. தடதடவென்று சத்தம், அப்புறம் வெடி. மேல்தோல் பட்டையாக உரிந்து மட்கார்டைக் கிழித்திருந்தது, உள்ளே கம்பி பல்லிளித்தது. ட்ரெய்லர் கதவுக்கு அடியிலிருந்து சாம்பார் ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது. மச்சான் முதலில் ஓடிப்போய் கேஸ் சிலிண்டரைத்தான் பார்த்தார்.

பஞ்சர் கடைத் தம்பி டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார். 3518. "2018, முப்பத்தஞ்சாவது வாரம்ணா." வாங்கும்போதே ஆறரை வயசு! தேதி ஒரு பக்கம்தான் இருந்தது, அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருக்கிறார்கள். ஒன்றில் என்றால் தற்செயல் எனலாம், இரண்டு சக்கரத்திலும் அப்படித்தான்.

கடைக்கு போன் போட்டால், "ஸ்டாக் டயர் நிழல்ல இருந்தா கெடாது சார்." நிழலில் இருந்தால் கொஞ்சம் தாங்கும், சரி, அதைச் சொல்லி விற்றிருக்க வேண்டாமா? அடுத்த போனில் "நீங்க ஓவர்லோடு ஏத்திருப்பீங்க." நேற்று நேரில் போனேன். "பில்லுல டயர் நம்பர் இல்லையே, இது எங்களுதுன்னு எப்படி சொல்றது?" பில்லில் நம்பர் போடாததே அவர்கள்தான்! ஓனர் திருப்பதி போயிருக்கிறாராம். என் 13,500 போச்சு, ஆர்டர் போச்சு, அந்த வீட்டாரிடம் இருந்த பெயரும் போச்சு. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். மாட்டுவதற்கு முன்னால் நாலு இலக்கத்தை நீங்களே படியுங்கள், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். அந்தப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள். பில்லில் அந்த நம்பரை எழுதி வாங்குங்கள். பாலிஷ் போட விடாதீர்கள், வெடிப்பு இருந்தாலும் தெரியாது. ஸ்டெப்னியையும் பாருங்கள். என் ஸ்டெப்னியும் அதே 3518தான், வேறு வழியில்லாமல் அன்றைக்கு அதை மாட்டித்தான் முப்பதில் உருட்டிக்கொண்டு பாலவாக்கம் வந்து சேர்ந்தோம்.