பூட்டில்லாத பாட்டு வாங்க: ஐரியூன்ஸா, பாண்ட்காம்பா?

மாதச் சந்தா செயலிகளிலும் ‘டவுன்லோட்’ பொத்தான் இருக்கிறது. ஆனால் அதில் இறங்குவது பூட்டுப் போட்ட கோப்பு. ஸ்பொட்டிஃபை என்றால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும்; சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். அதைப் பென்டிரைவில் ஏற்றி, கொழும்புக்குப் போகும் வான் வண்டியில் போட்டுக் கேட்க வழியில்லை. கோப்பு கையில் வேண்டுமென்றால் பாட்டைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும்.

அமேசான் 2007 முதல் பூட்டில்லாத எம்.பி.3 விற்கிறது. ஆனால் அது கடை இயங்கும் நாடுகளின் முகவரியையும் அட்டையையும் கேட்கும். யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வாங்க எண்ணுபவருக்கு முக்கியமாக மிஞ்சுவது அப்பிளின் ஐரியூன்ஸும் பாண்ட்காம்ப் என்ற இணைய இசைக் கடையும்.

ஐரியூன்ஸ் கடை 2012இல் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2009இல், பாட்டுகளுக்கு இருந்த பூட்டை அப்பிள் முழுதாக எடுத்துவிட்டது. கிடைப்பது 256 கே.பி.பி.எஸ். பிட்ரேட்டில் (ஒரு விநாடிக்கான தரவளவு) ஏ.ஏ.சி. வடிவம், கோப்பின் வால் (பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) எம்4ஏ. சினிமாப் பாட்டும் பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட கர்நாடக இசையும் வேண்டுபவர்கள் முதலில் இங்கே தேடலாம். அன்ட்ரொயிட் போனில் இந்தக் கடை இல்லை. விண்டோஸ் கணினியில் ஐரியூன்ஸைப் போட்டு வாங்கலாம். அப்பிள் கணக்கின் நாடும் வங்கி அட்டையின் நாடும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். அப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கிய பாட்டும் வாங்கிய பாட்டும் ஒரே பட்டியலில் கலந்து நிற்கும். சந்தாப் பாட்டின் வால் எம்4பி (.m4p); அது வேறு கருவியில் பாடாது. பென்டிரைவில் போடமுன் வாலைப் பாருங்கள். இன்னொன்று, வாங்கிய எம்4ஏ கோப்புக்குள் வாங்கியவரின் பெயரும் கணக்கு மின்னஞ்சலும் பதிந்திருக்கும். கண்டவருக்கும் அனுப்பக்கூடாத கோப்பு அது.

பாண்ட்காம்பில் சினிமாப் பாட்டைத் தேடிப் பயனில்லை. தனிக் கலைஞர்களும் சிறு வெளியீட்டாளர்களும் அங்கே விற்கிறார்கள். டிஜிட்டல் விற்பனையில் கடை எடுப்பது வழமையாக 15 சதவீதம்; பணம் அனுப்பும் கட்டணம் போக மிச்சம் கலைஞர் பக்கம் போகிறது. கணக்குத் திறக்காமலே வாங்கலாம், இறக்கும் இணைப்பு மின்னஞ்சலில் வரும். ஒரே விலைக்கு எம்.பி.3, ஃபிளாக், ஏ.ஏ.சி., வேவ் என்று எந்த வடிவமும் எடுக்கலாம். இறக்கமுன் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கவனிக்காமல் அழுத்தினால் எம்.பி.3 தான் வரும்.

ஃபிளாக்கை எடுங்கள் என்பதே எங்கள் பக்கம். காரணம் தவில். தொப்பி என்ற அதன் இடது முகத்தில் குச்சி விழும் அந்தக் கணத்தின் கூர்மையைக் குறைந்த பிட்ரேட் எம்.பி.3 காப்பாற்றாது, அடிக்கு முன்பே மெல்லிய சரசரப்பு ஒன்று கேட்கும். ஃபிளாக்கில் எதுவும் தொலைவதில்லை. அதிலிருந்து எம்.பி.3 எத்தனை முறை செய்தாலும் மூலம் கெடாது. எம்4ஏயை எம்.பி.3 ஆக்கினால், ஏற்கனவே குறைந்தது இன்னும் குறையும்.

5 நிமிடப் பாட்டு ஒன்று 256 ஏ.ஏ.சி.யில் சுமார் 10 மெகாபைற், 320 எம்.பி.3யில் 12, ஃபிளாக்கில் 25 முதல் 35 வரை. 10 பாட்டுத் தொகுப்பு ஃபிளாக்கில் 300 மெகாபைற்றளவு வரும், அதுவும் ஒரே ஸிப் கோப்பாக. போன் டேட்டாவில் இறக்கும்போது நடுவில் அறுந்தால் ஸிப் திறக்காது. வைஃபையில் இறக்குவது நல்லது.

ஐரியூன்ஸில் விலை டொலரில் வரும்; பாண்ட்காம்பில் விற்பவர் தேர்ந்த நாணயத்தில் வரும். அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் முன்பே கேளுங்கள்; மறுக்கப்படும் கொடுப்பனவுகளில் கனக்க இதனால்தான்.

பழைய கார் செட்டுகள் பல எம்4ஏயையும் ஃபிளாக்கையும் படிக்காது. foobar2000 மென்பொருளில் ஃபிளாக்கை 320 எம்.பி.3 ஆக மாற்றி, பென்டிரைவை ஃபாட்32 என்ற கோப்பு முறையில் ஃபோர்மற் செய்து ஏற்றுங்கள். 64 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபாட்டில் வரும். செட் அதைக் காணவே காணாது. தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்புக்குள் இருக்கும் பாட்டு விவரத்தை ஐடி3 2.3 என்ற விவர வடிவில், யூரிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்துப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. கோப்புப் பெயரை 01, 02 என்று இலக்கத்தில் தொடங்கி, அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கொப்பி பண்ணுங்கள், ஏனென்றால் பல செட்டுகள் ஏற்றிய ஒழுங்கிலேயே பாடும்.