கிட் கிதார்: திருகும் கழுத்தா, ஒட்டும் கழுத்தா?

பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் எலக்ட்ரிக் கிதார் கிட் வாங்கும்போது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்), நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, கழுத்து உடலோடு எப்படிச் சேர்கிறது என்பதைத்தான்.

டெலிகாஸ்டர் என்ற கிதார் வகையில் கழுத்தைப் பிடிப்பவை பொதுவாக 4 திருகுகள். கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) ரொம்ப உயரமாக நிற்கின்றனவா? கழற்றி, கழுத்துக் குழியின் உள்முனையில் மெல்லிய மரச்சீவல் வைத்து மறுபடி முடுக்கினால் கோணம் மாறிவிடும். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

லெஸ் பால் என்ற இன்னொரு கிதார் வகையில் பெரும்பாலும் பசைதான். ஒட்டுவதற்கு முன்பே பிரிட்ஜை (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வைத்து, நூல் பிடித்து, கோணமும் நடுக்கோடும் சரியா என்று பார்த்துவிட வேண்டும். பசை காய்ந்தபின் திருத்துவது பெரும்பாடு. ஆனால் ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் பகுதியின் நீளம்) சுமார் 24.75 அங்குலம் என்பதால், 25.5 அங்குல டெலிகாஸ்டரைவிடக் கம்பியை வளைப்பது சுலபம்.

ஒலி நீடிக்கப் பசைமூட்டுதான் என்பார்கள். அதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் கிதாருக்குத் திருகு வகையையே சொல்வேன்.