பழைய மல்டிஸ்ட்ராடா: 950-ஆ, 1260-ஆ, வி4-ஆ?

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இத்தாலிய டூரிங் வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடினால், பேச்சு சுற்றிச் சுற்றி டுகாட்டி மல்டிஸ்ட்ராடாவில்தான் வந்து நிற்கும். மோட்டோ குஸ்ஸி கண்ணில் படுவதே அபூர்வம். பெனெல்லி டிஆர்கே 502-க்குப் பெயர்தான் இத்தாலி, கட்டுவது சீனாவில். அதன் விலையும் கணக்கும் வேறு, இங்கே சேர்க்கவில்லை.

மல்டிஸ்ட்ராடாவிலும் எல்லாம் போலோனியாவிலிருந்து வந்தவை அல்ல. சேசிஸ் நம்பர் இசட்.டி.எம். என்று தொடங்கினால் இத்தாலியில் கட்டியது, எம்.எல். என்று தொடங்கினால் தாய்லாந்து ஆலையில் கட்டியது. இதை வைத்துத் தரம் பிரிக்க வேண்டியதில்லை. பார்ட்ஸ் கேட்கும்போது முழு நம்பரையும் கொடுங்கள், அது போதும்.

இந்தியாவுக்கு வந்த வரிசை இது. 2017 ஜூனில் 950, டெல்லி எக்ஸ்-ஷோரூம் 12.60 லட்சம். 2018-ல் 1260, 15.99 லட்சம், அதன் எஸ் ரகம் 18.06 லட்சம். 2019-ல் 1260 எண்டூரோ, 19.99 லட்சம். 2020 நவம்பரில் பி.எஸ்.6 950 எஸ், 15.49 லட்சம். 2021-ல் வி4, 18.99 லட்சம், வி4 எஸ், 23.10 லட்சம். 2022-ல் 950-இன் இடத்துக்கு வி2 வந்தது. அதே 937 சிசி, அதே 113 குதிரைத்திறன், ஐந்து கிலோ எடை குறைவு, 10 மி.மீ. தாழ்ந்த சீட்.

பெரும்பாலோர் குதிரைத்திறனை வைத்து ஆரம்பிப்பார்கள்: 950-க்கு 113, 1260-க்கு 158, வி4-க்கு 170. வாளையாறு தாண்டிக் கொச்சி போகவும், வால்பாறை ஏறவும், ஞாயிறு காலை தாராபுரம் போய் வரவும் 113-ஏ மிச்சம். செகண்ட் ஹேண்டில் வண்டிகளைப் பிரிப்பது வேறு விஷயம்: அடுத்த பெரிய சர்வீஸ் எப்போது, அதை யார் தலையில் கட்டப் போகிறார்கள் என்பது.

பெல்ட்டுக்கு வயதுதான் கணக்கு

950, 937 சிசி வி2, 1260 எல்லாம் டெஸ்மோ இன்ஜின்கள். வால்வைத் திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம். மற்ற இன்ஜின்களில் ஸ்பிரிங் செய்யும் வேலையை இங்கே இரண்டாவது ராக்கர் செய்கிறது. இரண்டு சிலிண்டரில் எட்டு வால்வு, ஒவ்வொன்றுக்கும் திறக்கும் இடைவெளி ஒன்று, மூடும் இடைவெளி ஒன்று. ஆகப் பதினாறு இடத்தில் ஃபீலர் கேஜ் எனும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை வைத்துப் பார்த்து, தேவையான இடத்தில் ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் சிறு துண்டை, மாற்ற வேண்டும். டெஸ்மோ சர்வீஸ் எனும் இந்தச் சோதனை 30,000 கி.மீ.க்கு ஒரு முறை. செலவு பார்ட்ஸில் அதிகம் இல்லை. டேங்க், ஏர்பாக்ஸ், ரேடியேட்டர் என்று கழற்றி மாட்டும் மணிக்கூலிதான் பில்லை ஏற்றும். 1260-இல் கேம்ஷாஃப்ட் முனையில் டி.வி.டி. எனும் வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பும் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும்.

கேமைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். அதற்கு ஓட்டம் ஒரு கணக்கு, வயது ஒரு கணக்கு. ஐந்து ஆண்டானால் வண்டி ஓடியிருந்தாலும் நின்றிருந்தாலும் மாற்றியாக வேண்டும். நம்ம ஊர் பெரிய பைக்குகளில் அடிக்கடி வரும் சிக்கல் இங்கேதான். "ஷோரூம் கண்டிசனுங்க, எட்டாயிரங்கூட ஓடலைங்க" என்பார்கள். உண்மையாகவே இருக்கும். மில் முதலாளி ஆசைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து, மற்ற நாளெல்லாம் கவர் போட்டு நிறுத்திய வண்டியாக இருக்கும். ஆனால் 2018 வண்டியில் இன்னும் முதல் பெல்ட் இருக்கிறது என்றால், எட்டாயிரம் கி.மீ. என்பது விலையை ஏற்றும் காரணம் அல்ல, குறைக்கும் காரணம். பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். பிறகு ஹெட்டையே இறக்க வேண்டும். முறையாக 28,000 ஓடி, பெல்ட் மாற்றிய பில்லோடு நிற்கும் 950, கவருக்குள் தூங்கிய எட்டாயிரத்து வண்டியைவிட நல்ல சரக்கு.

பில் இல்லாமல் "பெல்ட்டெல்லாம் மாத்தியாச்சுங்க" என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விலை பேசும் முன் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, கொச்சியிலோ பெங்களூரிலோ சர்வீஸ் சென்டரில் டெஸ்மோ சர்வீஸ், பெல்ட், பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில், கூலன்ட் சேர்த்து எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிவிடுங்கள். வண்டியை அங்கே லாரியில் அனுப்பிக் கொண்டுவரும் வாடகையும் அதில் சேரும்.

வி4 இந்தக் கதையிலேயே வராது. 1158 சிசி வி4 கிரான்டூரிஸ்மோ இன்ஜினில் டுகாட்டி டெஸ்மோவைக் கைவிட்டு வால்வு ஸ்பிரிங்குக்கு மாறியது. டைமிங் செயின், பெல்ட் இல்லை, வால்வு சோதனை 60,000 கி.மீ.க்கு ஒரு முறை. இருப்பதிலேயே விலை கூடிய வண்டிக்குப் பெரிய சர்வீஸ் இடைவெளியும் இருப்பதிலேயே நீளம். வருடம் பத்தாயிரத்துக்கு மேல் ஓட்டுகிறவர் 1260 எஸ்ஸுக்கும் பழைய வி4-க்கும் விலை வித்தியாசம் பார்க்கும்போது இதையும் எடுத்து வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

சக்கரமும் ஸ்விங்ஆர்மும்

சாதா 1260-க்கு முன்னும் பின்னும் 17 அங்குலச் சக்கரம், பின்னால் 190/55 டயர், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் ஒற்றைக் கை. 950, வி2, வி4 மூன்றுக்கும் முன்னால் 19, பின்னால் 17. டயர் 120/70-19, 170/60-17. இரட்டைக் கை ஸ்விங்ஆர்ம். நெடுஞ்சாலையில் 1260-இன் திருப்பம் கூர்மை, அதில் மறுப்பில்லை. ஆனால் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தெருவிலும், மழைக்குப் பின் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும், 17 அங்குல ரிம்மின் விளிம்பு பள்ளத்தில் மோதி மடங்குவது அதிகம். 1260 பார்க்கப் போனால் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தையும், பேன்னியரில் (பக்கவாட்டுப் பெட்டியில்) எடை வைத்து முன்பக்கத்தைத் தூக்கி முன்சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். ஃபோர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி ரிம்மை ஒட்டி வைத்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும்.

120/70-19, 170/60-17 என்பவை பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். போடும் அதே அளவுகள். அதனால் டயர் கிடைப்பது சிரமமில்லை. 190/55-ம் கிடைக்கும், அதில் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் டயர் வரும், சீக்கிரம் தேயும். எந்த வண்டியானாலும் டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1418 என்றால் 2018-இன் பதினான்காவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும், மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

ஒற்றைக் கை அழகுதான், கூட வேலையும் உண்டு. செயின் டைட் செய்ய எக்சென்ட்ரிக் ஹப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கொக்கி ஸ்பேனரால் ஹப்பைச் சுழற்ற வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்ற 55 மி.மீ. சாக்கெட்டும், திரும்ப மாட்ட 230 நியூட்டன் மீட்டர் காட்டும் டார்க் ரெஞ்சும் தேவை. பஞ்சர் கடையில் இது இருக்காது. அந்தச் சாக்கெட்டைக் கணபதியிலோ சிட்கோவிலோ லேத்தில் கடைந்து வாங்கிவிடலாம், கோவைக்காரர்களுக்கு அது ஒரு வசதி. வழியில் பஞ்சரானால் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டறைக்காரர் சுத்தியலும் உளியும் வைத்து ஹப்பைத் திருப்பியிருந்தால் விளிம்பில் தழும்பு இருக்கும். இருந்தால் ஹப் பேரிங்கையும் சந்தேகப்படுங்கள்: சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடக்கென்று சத்தம் வரக் கூடாது.

எஸ் ரகம் தேவையா

எஸ் என்றால் ஸ்கைஹூக், அதாவது ஓடும்போதே தன் கெட்டித்தன்மையை மாற்றிக்கொள்ளும் எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன். கூடவே கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் குவிக்ஷிஃப்டர், வளைவில் திரும்பும் பக்கம் எரியும் எல்.இ.டி. விளக்கு, கலர் டி.எஃப்.டி. மீட்டர். 1260 எஸ்ஸில் முன் டிஸ்க் 330 மி.மீ., பிரெம்போ எம்50. இருவராகப் போய், இரண்டு பேன்னியரும் நிறைத்துக்கொண்டு கொல்லிமலையின் எழுபது வளைவு ஏறினால் ஸ்கைஹூக் எதற்கென்று புரியும். பட்டனில் "இருவர், சுமை" என்று தேர்ந்தெடுத்தால் பின்பக்கம் தானே நிமிரும். சாதாரண 950-இல் அதே வேலையைச் சீட்டுக்குக் கீழே உள்ள திருகுக் குமிழால் நாமே செய்துகொள்ளலாம்.

ஆனால் பழைய வண்டி என்று வரும்போது எங்கள் ஓட்டு சாதாரண சஸ்பென்ஷனுக்கே. ஃபோர்க் சீல் கசிந்தால் உள்ளூரில் விவரம் தெரிந்த மெக்கானிக்கே மாற்றுவார். ஸ்கைஹூக்கின் பின் ஷாக்கில் வால்வோ ஒயரோ பழுதானால் மீட்டரில் எச்சரிக்கை எரியும், ஷாக்கை மொத்தமாக மாற்றச் சொல்வார்கள். எஸ் ரகம் வாங்குவதானால் சாவி போட்டதும் மெனுவுக்குள் போய் ஒருவர், இருவர், சுமை என்று மாற்றி, பின்பக்கம் நிஜமாகவே ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மோட்டார் ஓடும் மெல்லிய சத்தமும் கேட்க வேண்டும்.

950-இல் 2019 மாடல் ஒரு எல்லைக்கோடு. அதற்கு முந்தையதில் வளைவில் வேலை செய்யும் ஏ.பி.எஸ். கிடையாது, கிளட்ச் கேபிள். 2019-இலிருந்து ஆறு அச்சு சென்சார், கார்னரிங் ஏ.பி.எஸ்., ஹைட்ராலிக் கிளட்ச். விற்பவர் சொல்லும் ஆண்டை நம்ப வேண்டியதில்லை. இடது ஹேண்டில்பாரில் ஆயில் டப்பா இருந்தால் புதியது, கேபிள் போனால் பழையது. ஈரச் சாலையில் மலை இறங்குகிறவர் கார்னரிங் ஏ.பி.எஸ்.ஸுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கேபிள் கிளட்ச்சை நடு வழியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது பழையதற்குச் சாதகம்.

திம்பத்தில் எது, பல்லடத்தில் எது

திம்பம் மாதிரி கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும் பாதையில் 950 மூவாயிரம் ஆர்.பி.எம்.முக்குக் கீழே செயினை இழுத்து இழுத்து விடும். ஒன்றாம் கியரும் பாதி கிளட்ச்சுமாகப் போக வேண்டிவரும். 1260-இன் டி.வி.டி. அங்கே மெத்தென்று இழுக்கும். 1260-க்கு நிஜமான ஆதாயம் இதுதான், 158 குதிரை அல்ல. வி4 இன்னும் மென்மை, இழுக்க மட்டும் ஆர்.பி.எம். கேட்கும். வெயிலில் அவிநாசி ரோடு சிக்னலில் மூன்றுமே தொடையைச் சுடும். வி4 மட்டும் நிற்கும்போது பின்பக்க இரண்டு சிலிண்டரை அணைத்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் தேவலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் ரோட்டில் பக்கவாட்டில் அறையும். காற்றாலைகளை அங்கே சும்மா நடவில்லை. பேன்னியர் இரண்டும் பாய்மரமாகிவிடும். 227 கிலோ 950-க்கும் 240 கிலோ வி4-க்கும் இதில் பெரிய வித்தியாசமில்லை. விண்ட்ஸ்கிரீனை இறக்கி, டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டுப் போனால் எல்லாமே அடங்கி ஓடும்.

1260 எண்டூரோவுக்கு 30 லிட்டர் டேங்க், ஓடத் தயாரான நிலையில் 254 கிலோ, 860 மி.மீ. சீட். ஐந்தே முக்கால் அடிக்குக் கீழே இருப்பவர் மண் ரோட்டில் திருப்ப முடியாமல் திண்டாடுவார். லடாக் போகும் திட்டம் இல்லாதவருக்கு இது வேண்டாம்.

மூன்றின் இன்ஜினும் உயர் அழுத்தம்: 950-இல் 12.6:1, 1260-இல் 13:1, வி4-இல் 14:1. 95 ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுக்கும். வாங்கியதும் டேங்கைக் காலி செய்து புதிதாக நிரப்புவது நல்லது.

பார்க்கப் போகும்போது

முன்னாடியே போன் போட்டு, "ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிடுங்கள். இன்ஜினைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். குளிர்ந்த நிலையில் தாமதமாகப் பிடித்தாலோ, பேட்டரி சோர்ந்தாலோ, வண்டி நின்றே கிடந்தது என்று அர்த்தம். மீட்டரில் சர்வீஸ் நினைவூட்டல் வருகிறதா, எந்தத் தேதி காட்டுகிறது என்று பாருங்கள். பின் பிரேக்கை அழுத்தினால் பஞ்சு மாதிரி போனால் ஏர் பிடித்திருக்கிறது. ஏர் எடுத்தும் திரும்ப வந்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியில் இடப்பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரைச் சுற்றி ஈரம் இருக்கக் கூடாது.

1260, 950 எஸ், வி4 சாவி பையிலேயே இருக்கும் ரகம். சாவிகள் எல்லாம் கைக்கு வர வேண்டும். சாவி பேட்டரி தீர்ந்தால் வண்டியைக் கிளப்ப வைத்திருக்கும் நான்கு இலக்கப் பின் நம்பரையும் விற்பவரிடம் வாங்கி, அங்கேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள். பேன்னியர் பூட்டுக்கும் இது பொருந்தும்: சாவி தொலைந்த பெட்டி சும்மா தொங்கும் எடை.

கே.ஏ., கே.எல்., எம்.எச். நம்பர் வண்டிகள் விலை மலிவாகத் தெரியும். படிவம் 28-இல் என்.ஓ.சி., 29, 30-இல் பெயர் மாற்றம், கடன் இருந்தால் படிவம் 35, அதற்கு மேல் இங்கே வாழ்நாள் வரி. வரி எவ்வளவு என்று நம்மூர் ஆர்.டி.ஓ.வில் முதலில் கேளுங்கள். பல சமயம் அந்த மலிவு அங்கேயே கரைந்துவிடும். என்.ஓ.சி. கையில் இல்லாத வெளிமாநில வண்டிக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.