மின்சார பைக்குக்குக் கொன்ட்ரோலர் மாற்றி, மாரியும் கச்சானும் தாண்டி ஓடிய பிறகு

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் மின்சார பைக் வாங்கிய திருகோணமலைக்காரர்களில் நானும் ஒருவன். அந்த ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது, அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. அந்த பைக்கின் கொன்ட்ரோலர், அதாவது பற்றரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி, போய், நானே புதிது வாங்கி வயர் பூட்டி, ஒரு மாரியும் தென்மேல் காற்று வீசும் ஒரு கச்சான் காலமும் ஓடியாகிவிட்டது. சொல்ல வந்தது இதுதான்: புதுப் பெட்டி வாங்குவது லேசான வேலை, அது எவ்வளவு காலம் நிற்கும் என்பது வயர் மூட்டுகளில்தான் இருக்கிறது, கடலை ஒட்டி வாழும் நமக்கு இது இரட்டிப்பு உண்மை.

என்னுடையது 48 வோல்ட், நாலு ஈயப் பற்றரி, பின் சில்லுக்குள்ளேயே மோட்டார். கோணேசர் கோயில் ஏற்றத்தில் இரண்டு பேராக ஏறும்போது விட்டுவிட்டு இழுத்துக்கொண்டிருந்தது, ஒரு நாள் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் ஒரேயடியாக நின்றுவிட்டது. சாவியை நிறுத்திவிட்டுத் தள்ளினாலும் சில்லு செக்கு இழுக்கிற மாதிரிக் கனத்தது. கொண்டுபோன கடையில் "தம்பி, மோட்டார் போயிட்டு, சில்லோட மாத்தணும்" என்றார்கள். அவ்வளவு காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

மோட்டாரிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்த வயர் வரும். கொன்ட்ரோலருக்குள் அந்த ஒவ்வொரு வயருக்கும் இரண்டு மொஸ்பெற், அதாவது கரண்டைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச், ஒன்று பற்றரியின் நேர்ப் பக்கம், மற்றது மறைப் பக்கம். இவற்றில் ஒன்று எரிந்து உள்ளே ஒட்டிக்கொண்டால், சில்லைச் சுற்றும்போது மோட்டாரில் பிறக்கும் கரண்ட் அதன் வழியாகவே திரும்பி ஓடி சில்லைப் பிடித்து இழுக்கும், சாவி போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆகவே பற்றரியைக் கழற்றிவிட்டு அந்த மூன்று வயரையும் பிரித்து, ஒன்றோடொன்று படாமல் வைத்துச் சில்லைச் சுற்றிப் பாருங்கள். கனம் விட்டுப்போனால் பிழை கொன்ட்ரோலரில். என்னுடையது லேசாகச் சுற்றியது. பிறகு மீற்றரை வைத்துப் பழைய பெட்டியில் ஒவ்வொரு தடித்த வயருக்கும் பற்றரியின் கறுப்புக்கும் இடையில் பார்த்தேன், இரண்டு ஒரே மாதிரிக் காட்ட, பச்சை மட்டும் பீப் என்று கத்தியது. அதுதான் ஒட்டிப்போன மொஸ்பெற்.

அடுத்தது ஹோல் சென்சர், சில்லு எந்த இடத்தில் நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லும் மெல்லிய ஐந்து வயர். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் ஏறத்தாழ 5 வோல்ட் வர வேண்டும், சில்லை மெதுவாக உருட்டும்போது மற்ற மூன்றும் தனித்தனியே 0க்கும் 5க்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒன்று அசையாமல் நின்றால் புதுக் கொன்ட்ரோலர் போட்டாலும் சில்லு உதறும்.

வாங்கும்போது பழையதன் லேபிளில் இருந்த வோல்ட்டும் அம்பியரும் பார்த்து அதே அளவில்தான் எடுத்தேன். கூடிய அம்பியர் போட்டால் பறக்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பறக்கும்தான், ஆனால் ஈயப் பற்றரி ஏற்றத்தில் பொத்தென்று வோல்ட் இறங்கி நின்றுவிடும், மோட்டார் சுருளும் சூடாகும். ஒரு மாற்றம் மட்டும் விரும்பிச் செய்தேன், மோட்டாருக்குக் கரண்டை வெட்டி வெட்டி விடாமல் மென்மையாக ஏற்றி இறக்கும் சைன் அலை வகை எடுத்தேன். முன்பு புறப்படும்போது வந்த அந்த உறுமல் இப்போது இல்லை, கோயில் வீதியில் மான்களுக்குப் பக்கத்தால் போனாலும் அவை தலை தூக்குவதில்லை.

வயர் பூட்டுவதில் நிறத்தை நம்பாதீர்கள். மோட்டார் ஒரு கம்பனி, கொன்ட்ரோலர் வேறு கம்பனி என்றால் நிறத்துக்கு நிறம் பூட்டினாலும் சில்லு உதறலாம், பின்பக்கம் சுற்றலாம். என்னுடைய கொன்ட்ரோலரில், சரியான வயர் வரிசையை அது தானே கற்றுக்கொள்வதற்கென்று இரண்டு வெள்ளை வயர் இருந்தது. சில்லை நிலத்தில் படாமல் தூக்கி நிறுத்தி, அந்த இரண்டையும் சேர்த்துச் சாவி போட்டால் சில்லு தானாகச் சுற்றும், பின்பக்கம் சுற்றினால் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும், சரியான பக்கம் சுற்றியதும் பிரித்து டேப் சுற்றி விடலாம். இதைவிடப் பயப்பட வேண்டியது சாவிக்குப் போகும் மெல்லிய சிவப்பு வயர். மெல்லியதென்றாலும் அதில் வருவது பற்றரியின் முழு வோல்ட். அதைத் தவறி 5 வோல்ட் சிவப்பில் தொட்டால் கொன்ட்ரோலரும் ஹோல் சென்சரும் சேர்ந்தே போகும்.

அக்சிலேற்றரின் கறுப்பு வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பிடி சும்மா இருக்கும்போது 0.8 வோல்ட் அளவில் நிற்கும் சிக்னல், கறுப்பு அறுந்தால் 5 வரை ஏறிவிடும், அதாவது முழு வேகம் கேட்கிற மாதிரி. இதைக் கண்டுபிடித்து நிறுத்தும் கொன்ட்ரோலர்கள் உண்டு, எல்லாம் அப்படி இல்லை. அதனால் பிரேக் பிடித்தால் மோட்டாரை வெட்டும் வயரை "பிறகு பார்ப்போம்" என்று விடாதீர்கள். முதலாவதாக அதைப் பூட்டி, சில்லு தூக்கியபடியே சோதியுங்கள்.

இனி மூட்டுகள். பழைய பெட்டியின் கனெக்டரைக் கழற்றியபோது செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு, ஒரு பக்கப் பிளாஸ்ரிக் உருகிப் பழுப்பாகியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமில்லை: 20 அம்பியர் ஓடும் இடத்தில் களிம்பால் 0.1 ஓம் தடை வந்தாலே அந்த ஒரு புள்ளியில் 40 வாட் சூடு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிறுத்தும் பைக்குக்கு இது வந்தே தீரும். தடித்த வயர்களுக்கு வளைய முனை வைத்து, கருவியால் அழுத்தி, சுருங்கும் குழாய் போட்டேன், உள்ளே கொஞ்சம் வாசலின். வெறும் சொல்டர் மட்டும் வைத்தால் அதிர்வில் அந்த விளிம்பிலேயே வயர் முறியும். பெட்டியை வயர் வாய் கீழ்ப்பக்கம் பார்க்கத் திருப்பி, வயர்களை ஒரு தொங்கலாக விட்டுக் கட்டினேன், தண்ணீர் வழிந்து அங்கேயே சொட்டிவிடும். சிலிக்கன் பூசி முழுக்க அடைக்கவில்லை, உள்ளே போன ஈரம் வெளியே வர வழி வேண்டும்.

சரி, எப்படி ஓடுகிறது? மாரியில் நனைந்தும் இந்த மூட்டுகளில் ஒன்றும் ஆகவில்லை, நிற்க வைத்தது ஒரே தடவை, அதுவும் லைற்றுக்குப் பின்னால் இருந்த அக்சிலேற்றர் கனெக்டருக்குள் தண்ணீர் போனதால். காயவைத்ததும் ஓடியது, அதற்கும் வாசலின் போட்டாயிற்று. கச்சான் அடித்த நாட்களில் கோயில் ஏற்றம் முடிந்ததும் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன், கை வைத்துக்கொண்டிருக்கும் அளவுச் சூடுதான். ஒரு சார்ஜில் ஓடும் தூரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. குறைகளும் இருக்கின்றன. வேகமானி வேலை செய்யவில்லை, புதுப் பெட்டியின் சிக்னல் அதற்குப் பொருந்தவில்லை. புறப்படும் இழுவை பழையதைவிட மெதுவானது, பிரதான வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் திருப்ப நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது, எனக்குப் பிரச்சினையில்லை. பற்றரி 42 வோல்ட்டுக்கு இறங்கியதும் கொன்ட்ரோலர் வெட்டிவிடுகிறது, பற்றரி ஒன்றுக்கு 10.5 என்ற கணக்கு, அது பற்றரிக்கு நல்லதுதான்.

லித்தியத்துக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு: செல் ஒன்று 4.2 வோல்ட் வரை ஏறும் வகையில், 13 செல் வரிசைப் பற்றரி முழுச் சார்ஜில் 54.6 வோல்ட், பல 48 வோல்ட் கொன்ட்ரோலர்களில் இருப்பது 63 வோல்ட் வரை தாங்கும் கப்பாசிற்றர் (பற்றரி வோல்ட்டைச் சமன்செய்யும் உருளை), ஆகவே தாங்கும். அதே வகையில் 16 செல் வரிசை 67.2 வரை போகும், அந்தக் கப்பாசிற்றர் தாங்காது. மூடியைத் திறந்து அதன் பக்கத்தில் அச்சிட்டிருப்பதை வாசித்துவிட்டுப் பற்றரிக்குக் காசு கொடுங்கள்.