தவளைத் தொட்டிக்கு கோகோபீட்டா, பாசியா?

பேக்மேன் தவளை (பெரிய வாயுள்ள, மண்ணில் புதைந்து உட்காரும் தென் அமெரிக்கத் தவளை) வளர்ப்பவர்களில், தொட்டியின் அடியில் விரிக்க பாதிப் பேர் கோகோபீட் கட்சி, மீதிப் பேர் ஸ்பாக்னம் பாசி (சதுப்பு நிலத்தில் வளரும் பஞ்சுபோன்ற பாசி) கட்சி. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு கோகோபீட்டுக்கு.

தவளை வாயால் தண்ணீர் குடிக்காது. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும். அது புதைந்து உட்காரும் இடம்தான் அதற்குக் குடிதண்ணீர்ப் பானை. அந்தப் பானையிலேயே மூத்திரமும் போகிறது. அதிலிருந்து வரும் அம்மோனியா தோல் வழியாக உள்ளே போனால் தவளை சீக்கிரமே நலிந்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து வெளிநாடுகளுக்குப் போகும் அதே தேங்காய் நார்த்தூள்தான் கோகோபீட். 650 கிராம் கட்டியை ஊறவைத்தால் எட்டு, ஒன்பது லிட்டர் வரை உப்பும். உரம் கலந்த பை கூடாது. நாரில் உப்பு இருக்கும், ஆகவே இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. எச்சம் கண்ணில் பட்டதும் சுற்றியுள்ள தூளோடு கரண்டியால் அள்ளிப் போட்டால் முடிந்தது. மூத்திரம்தான் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பேன் (வீட்டில் இதற்குக் கிடைக்கும் கேலி தனி). மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி. மூக்கில் உறைத்தால் அன்றைக்கே மொத்தத்தையும் மாற்றிவிடுவேன். எப்படியும் மாதம் ஒருமுறை மாற்றுவது உண்டு.

பாசி பார்க்க அழகு. தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரம் பிடிக்கும், புளிப்புத் தன்மை இருப்பதால் சட்டென்று அழுகாது. வெந்நீரில் அலசிப் பிழிந்து மறுபடியும் போடலாம். ஆனால் எச்சம் இழைகளுக்குள் நழுவி அடிக்குப் போய்விடும். ஒருநாள் தூக்கிப் பார்த்தேன்: மேலே பச்சைப்பசேல், கீழே கறுத்துக் கொழகொழவென்று. அப்புறம், பேக்மேன் பாய்ந்து கவ்வும் ஜாதி. புழுவோடு சேர்த்துப் பாசியையும் விழுங்கும், நீள இழை குடலை அடைக்கலாம். கைவினைக் கடையில் விற்கும் சாயம் போட்ட பாசி வேண்டவே வேண்டாம்.

பேப்பர் டவல்? நோயாளித் தவளைக்கும் புதிதாக வந்ததற்கும் அதுதான் நல்லது. என்ன கழித்தது என்று பளிச்சென்று தெரியும், தினமும் மாற்றலாம். நலமான பேக்மேனுக்கு அது தண்டனை, புதைய வழியில்லை. கூழாங்கல்லும் வயிற்றுக்குள் போகும், விட்டுவிடுங்கள். பூஞ்சையைத் தின்னும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகள் சின்ன டார்ட் தவளைத் தொட்டிக்குப் பொருந்தும். பேக்மேன் போடும் உருண்டைக்கு அவை எம்மாத்திரம்.

இப்போது என் தொட்டியில் மூன்று அங்குலம் கோகோபீட், ஈரத்துக்காக ஒரு மூலையில் மட்டும் ஒரு பிடி பாசி. தீனி எதிர் மூலையில், இடுக்கியால். தெளிக்கும் குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கி சேர்க்கிறேன். வாளியில் ஒருநாள் திறந்துவைத்தால் குளோரின் போகும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போகாது.