கடைசித் தூரம் சரி, எந்தத் தேதிக் கணக்கு?

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பான இயர் சிக்ஸில் மகள் படிக்கும் நண்பர் ஒருவர், அடுத்து செகண்டரிப் பள்ளிக்கு விண்ணப்பிப்பது பற்றிக் கேட்டார்: "நீங்க ரெண்டு பிள்ளைகளுக்கும் பார்த்தவர்தானே, கவுன்சிலோட சேர்க்கைக் கையேட்டுல போட்டிருக்கிற தூரத்தை நம்பிப் படிவம் நிரப்பலாமா?" நம்பலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பல வருட எரிச்சல் முந்திக்கொண்டது. அதை இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

விண்ணப்பிக்க அக்டோபர் 31 கடைசி நாள், மார்ச் 1 முடிவு, லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம் என்பதெல்லாம் இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. இடத்தைவிட அதிகம் பேர் கேட்கும் பள்ளிகளில் பெரும்பாலும் வீடு கிட்டே இருப்பவர்களுக்கே முன்னுரிமை, அதனால்தான் இந்தத் தூரக் கேள்வி. நேரே கையேட்டுக்கு வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 12க்குள் கவுன்சில் இதை வெளியிட்டே ஆக வேண்டும் என்பது விதி. எங்கள் கவுன்சில் அதில் தவறியதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை இடம், எத்தனை பேர் கேட்டார்கள், அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அண்ணன் அக்கா அங்கே படிப்பதால் வந்தவர்கள் எத்தனை பேர், தூரக் கணக்கில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். தூரம் நேர்கோட்டிலா, நடக்கிற பாதையிலா, பள்ளியின் எந்த வாசலிலிருந்து என்பதும் இருக்கும். காசில்லாமல் இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம்தான்.

கடைசிக் கட்டத்தில்தான் கதை. கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எத்தனை மைல் என்று மூன்று தசமம் வரை இருக்கும். உதாரணத்துக்கு 0.874 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு துல்லியத்தைப் பார்த்ததும் கை தானாக வீட்டு முகவரியைத் தட்டி அளக்கப் போய்விடும். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், "மார்ச் 1 நிலவரப்படி" என்று ஒரு வரி இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

மார்ச் 1 அன்று எதுவும் முடிவதில்லை. அதற்குப் பிறகுதான் பட்டியல் நகரவே தொடங்குகிறது. தனியார் பள்ளியில் பணம் கட்டியவர்கள் இடத்தை விடுவார்கள். வீடு மாறுகிறவர்கள் விடுவார்கள். காத்திருப்போர் பட்டியல் வழியாக வேறு பள்ளியில் இடம் கிடைத்தவர் இங்கே எழுந்து அங்கே போவார். அவர் விட்ட இடத்துக்கு வருபவர் இன்னொரு பள்ளியில் ஒன்றைக் காலி செய்வார். கோடை முழுக்க இதுதான். காத்திருப்போர் பட்டியலை டிசம்பர் 31 வரையாவது வைத்திருக்க வேண்டும் என்றே சேர்க்கை விதிகள் சொல்கின்றன. ஆக, கையேடு வெளியாகும் செப்டம்பரில், மார்ச்சிலிருந்து நடந்த அத்தனை நகர்வும் கவுன்சிலின் கணினியில் இருக்கிறது. இருந்தும் மார்ச் எண்ணைத்தான் போடுகிறார்கள். பாதி ஆட்டத்து ஸ்கோரை மறுநாள் பேப்பரில் முடிவு என்று போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதனால் நடப்பது என்னவென்றால், 0.9 மைலில் இருக்கும் பெற்றோர் அந்தப் பள்ளியைப் பட்டியலிலேயே எழுதுவதில்லை. மேலே ஒரு பள்ளியை எழுதி அது கிடைக்காமல் போனால், அதனால் கீழே இருப்பது பறிபோகாது, விதி அப்படித்தான். எழுதினால் இழப்பில்லை. ஆனால் மூன்று தசமத்தைப் பார்த்துப் பயந்தவருக்கு இதை யார் சொல்வது?

சரி, "இறுதித் தூரம்" என்று போடும் கவுன்சில்களும் இருக்கின்றனவே என்றால், அங்கே வேறொரு குழப்பம். காத்திருப்போர் பட்டியலில் முதலில் பெயர் கொடுத்தவர் முன்னால் நிற்பதில்லை. விதிப்படி யாருக்கு முன்னுரிமையோ, பெரும்பாலும் யார் வீடு கிட்டே இருக்கிறதோ, அவர்தான் முன்னால். ஆகஸ்டில் பள்ளிக்கு அடுத்த தெருவில் குடிவந்த குடும்பம், மார்ச்சிலிருந்து காத்திருப்பவர்களைத் தாண்டி மேலே போய்விடும். கடைசியாகக் காலியான இடம் அவர்களுக்குப் போனால், "கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் தூரம்" 0.2 மைல் என்று பதிவாகும். அதே வகுப்பில் ஒரு மைலுக்கு அப்பாலிருந்து வந்த பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். எனவே கேட்க வேண்டியது கடைசிப் பிள்ளையின் தூரத்தை அல்ல, தூரக் கணக்கில் வந்தவர்களில் ஆகத் தொலைவில் இருக்கும் பிள்ளையின் தூரத்தை.

கேட்பது யாரிடம் என்பது அடுத்த தொல்லை. செகண்டரிப் பள்ளிகளில் பெரும்பாலானவை இப்போது அகாடமிகள், அதாவது கவுன்சிலின் கீழ் இல்லாமல் தனியாக நடக்கும் அரசு நிதிப் பள்ளிகள். சேர்க்கை அதிகாரம் அவர்கள் கையில். கவுன்சிலுக்கு போன் போட்டால் பள்ளியைக் கேளுங்கள் என்பார்கள், பள்ளியைக் கேட்டால் கவுன்சில் என்பார்கள். கல்வித் துறை ஜூன் மாதத்தில் பள்ளிவாரியாக ஒரு பெரிய தாள் வெளியிடுகிறது. எத்தனை பேர் முதல் விருப்பமாகக் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பார்க்க நன்றாக இருக்கும். அதுவும் மார்ச் நிலவரம்தான், தூரமும் இல்லை.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் தகவல் சுதந்திரச் சட்டம். அரசு அமைப்புகள் தங்களிடம் இருக்கும் தகவலைக் கேட்பவருக்குத் தர வேண்டும் என்கிற 2000ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு மின்னஞ்சல் போதும். மார்ச் 1, ஆகஸ்ட் 31, டிசம்பர் 31 என்று மூன்று தேதிகளுக்கும், எந்த முன்னுரிமைப் பிரிவில் எத்தனை பேர், ஆகத் தொலைவு எவ்வளவு என்று கேட்டேன். கவுன்சிலிலிருந்து ஒரு எக்செல் தாள் வந்தது. சிறிய எண்கள் வந்த இடங்களில் பிள்ளைகளை அடையாளம் காண முடியாதபடி "5க்குக் கீழ்" என்று மட்டும் போட்டிருந்தார்கள், அது நியாயம்தான். மார்ச்சில் எங்கள் தெருவுக்கு முன்பே நின்றுவிட்ட ஒரு பள்ளியின் எல்லை, ஆகஸ்ட் முடிவில் ரயில் பாலத்தைத் தாண்டிப் போயிருந்தது. இன்னொரு பள்ளி அசையவே இல்லை. இந்த வித்தியாசத்தைக் கையேட்டில் எத்தனை வருடம் புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது.

கேட்கிறவர்கள் கவுன்சிலையே கேளுங்கள். பதில் தர கவுன்சிலுக்கு 20 வேலை நாள்தான் அவகாசம். பள்ளிக்கு 20 பள்ளி நாள் அல்லது 60 வேலை நாள், இதில் எது முன்னதோ அது. ஜூலைக் கடைசியில் பள்ளிக்கு அனுப்பினால் விடுமுறை தாண்டித்தான் பதில் வரும். வந்த தாளிலும் ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஏதோ ஒரு வருடம் கூடுதலாக ஒரு வகுப்பு திறந்திருப்பார்கள், தூரம் திடீரென்று நீண்டிருக்கும். அடுத்த வருடம் தம்பி தங்கைகள் நிறைய வந்தால் மறுபடி சுருங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு கையேட்டுக்கு என்ன மதிப்பெண்? போன வருடம் கேட்டிருந்தால் ஐந்துக்கு நான்கு கொடுத்திருப்பேன். இந்த வருடக் கையேட்டில் அந்தப் பொடி எழுத்து வரியையும் எடுத்துவிட்டார்கள். தேதியே இல்லாமல் தூரம் மட்டும் நிற்கிறது. ஒன்றரை. அதுவும் அந்த எக்செல் தாளை அனுப்பிய அதிகாரிக்காக.